பதினாலாம் நம்பர் வீடு

நாற்பத்தோராவது கேள்விக்கு நான் சைபர் என்று எழுதினேன். என் கையால்தான் எழுதினேன். பழியை வேறு யார் மேலாவது போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை.

ஸ்தாரா விர்பா ஊராட்சியில் அலுவலகம் என்றால் நான்தான், யாகா. தலைவன் என்று ஸ்வோன்கோ இருக்கிறான். பள்ளியில் என் பின் பெஞ்சில் உட்கார்ந்து என் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டவன். இன்றும் அதே பிழைப்புதான். நதியோர ஊர்களின் உலகக் கூட்டமைப்பில் சேர்வதற்கு நூற்றுப்பதினெட்டு கேள்விகளோடு படிவம் வந்தபோது அவன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நீ தான் படிச்சவ" என்று என் மேஜையில் வைத்துவிட்டு மீன் பிடிக்கப் போனான்.

சேர வேண்டிய அவசியம் இருந்தது. எங்கள் ஸாவா ஆற்றை எழுபதுகளில் கரை எழுப்பி இறுக்கிக் கட்டினார்கள். இறுக்க இறுக்க அதற்கும் கோபம் ஏறியது. நான்கு வருடங்களுக்கு முன் ஊரின் கடைக்கோடியில் கரையை உடைத்துக்கொண்டு கீழ்த்தெருவில் முந்நூறு வீடுகளுக்குள் புகுந்தது. கூட்டமைப்பு சொன்ன வழி எளிமையானது. பழைய கரையில் ஒரு மதகு வையுங்கள். தெருவை ஒட்டிப் புதிதாக ஒரு கரை போடுங்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரிய மேய்ச்சல் புல்வெளியை ஆற்றுக்கே திருப்பிக் கொடுங்கள். அது அங்கே கையைக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டால் உங்கள் தெருவுக்கு வராது.

நாற்பத்தோராவது கேள்வி: "வெள்ளம் விடப்போகும் நிலத்தில் குடியிருக்கும் வீடுகள் எத்தனை?"

நில அளவை வரைபடத்தை விரித்தேன். புல்வெளியில் ஒரு கட்டடமும் இல்லை. எழுதினேன், சைபர்.

இப்போது மியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மியோ என் அக்கா அன்கிட்சாவின் கணவர். வரைபடத்தில் அவர் வீடு பதினாலாம் நம்பர், மேல்தெரு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே. உண்மையில் அந்த வீடு பதினேழு வருடமாகப் புல்வெளியில், பழைய கரைக்குப் பக்கத்தில் நிற்கிறது. எங்கள் பகுதி வீடுகள் ஓக் மர உத்தரங்களால் ஆனவை. ஒவ்வொரு உத்தரத்திலும் கோடரியால் வெட்டிய எண் இருக்கும். கழற்றலாம், வண்டியில் ஏற்றலாம், வேறு இடத்தில் பூட்டலாம். மகளுக்குச் சீதனமாக வீட்டையே அனுப்பியவர்கள் உண்டு. வீடு ஓரிடம், நம்பர் ஓரிடம் என்பது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. தபால்காரனுக்குத் தெரியும், நாய்களுக்குத் தெரியும். நில அலுவலகத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியாதா? ஞாயிறு தவறாமல் அந்த வீட்டில் சூப் குடிப்பவள் நான். என் அக்கா செத்துப்போன வீடு அது. படிவத்தை நிரப்பிய நாள் ஞாயிறு இல்லை, என் தரப்பில் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் ஒரு மாடி வீட்டையே மறைத்தேன், மறைத்தது எனக்கே தெரியாமல்.

மதகு கட்ட வந்த பொறியாளர்கள் வீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்களாம். "அது பதினாலாம் நம்பர்" என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். அவர்கள் பட்டியலில் பதினாலு மேல்தெருவில் பத்திரமாக இருந்தது. அதோடு சரி. ஊர்க்காரர்களோ, தண்ணீர் வருவதற்குள் மியோ எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தார்கள். மழை வந்தால் கொடித் துணியை எடுக்க மாட்டோமா, அந்த மாதிரி. மியோவோ, தான் இருக்கிற வரைக்கும் யாரும் மதகைத் திறக்கப் போவதில்லை என்று நினைத்தார். இப்படி ஆளுக்கொரு நினைப்பில் மூன்று வருடம் ஓடியது.

மதகு திறக்க மார்ச் பதினைந்து என்று நாள் குறித்தாயிற்று. கூட்டமைப்பில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு துணை ஊர் உண்டு. எங்களுக்கு வாய்த்தது வங்கதேசத்தில், ஜமுனா ஆற்றின் மணல்தீவில் இருக்கும் ஓர் ஊராட்சி. அதன் உறுப்பினர் ரொக்கேயா பேகம் பிப்ரவரிக் கடைசியில் மூன்று வாரம் தங்க வந்தாள். சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் என் புருஷனுடைய கோட்டு. முதல் நாளே என்னை "ஆபா" என்று கூப்பிட்டாள். அவர்கள் மொழியில் அக்காவாம். அன்கிட்சா போன பிறகு நான் அக்காவும் இல்லாமல் தங்கையும் இல்லாமல் இருந்தவள். மனசுக்கு இதமாக இருந்தது. இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், கையையும் சேர்த்துக்கொண்டு பேசினோம்.

மூன்றாம் நாள் பழைய கரைமேல் நடந்தோம். அவள் நின்று, புகை வரும் கூரையைக் காட்டினாள்.

"ஆபா, அது யாரு வீடு?"

"பதினாலாம் நம்பர்."

அவள் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். மறுபடி வரைபடத்தைப் பார்த்தாள்.

"பதினாலு மேல இருக்கு."

"நம்பர் மேல இருக்கு. வீடு..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். தண்ணீர் அங்கே ஓர் ஆள் உயரம் நிற்கும் என்று அந்த வரைபடத்தில் நீல நிறத்தில் எழுதியிருந்தது. எழுதியவளும் நானே.

ரொக்கேயா திட்டவில்லை. "நம்ம ஊருலயும் பேப்பர் ஒரு ஆத்துல போகும், ஜனம் ஒரு ஆத்துல போகும்" என்றாள்.

ஸ்வோன்கோவிடம் ஓடினேன். அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"கெடுத்தியே யாகா. குடியிருப்பு இருக்குன்னு தெரிஞ்சா மதகத் திறக்க விட மாட்டாங்க. ஆறு இப்பவே ஏறிட்டு இருக்கு. இந்த வருஷமும் கீழ்த்தெரு போச்சுன்னா ஜனங்க என்னைத்தான் கரையில புதைப்பாங்க."

"தெரியும்டா."

"ஒண்ணு பண்ணு. வீடுன்னு எழுதாத. தோட்டக் கொட்டகைன்னு எழுதிடு."

"கொட்டகைன்னு எழுதினா தண்ணி உள்ள போகாதா? உள்ள இருக்கிற மனுஷன் மண்வெட்டியா?"

அவன் தலையை ஆட்டினான். பள்ளியிலும் இப்படித்தான், நான் கத்தினால்தான் அவனுக்குக் கணக்கு புரியும்.

அன்று மாலையே நானும் ரொக்கேயாவும் மியோ வீட்டுக்குப் போனோம். மியோ அறுபது வயது, ஆறடி உயரம், பன்றி வளர்ப்பவர், பேச்சு குறைவு. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைபர்" என்றார்.

"தப்புதான் மச்சான்."

"போன ஞாயித்துக்கிழமை ரெண்டு தட்டு சூப் குடிச்ச. சைபர்ல உக்காந்தா குடிச்ச, கொழுந்தியா?"

கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

"கழட்டி மேல்தெருவுக்கே கொண்டு போயிடலாம் மச்சான். தீயணைப்புப் படை மொத்தமும் வரும். ஒரு வாரம்."

"மாடி அறையக் கழட்ட விட மாட்டேன்" என்றார்.

மாடி அறை எது என்று எனக்குத் தெரியும். அன்கிட்சாவுக்கு நோய் முற்றியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நாங்கள் குழந்தையாக இருந்தபோது வசந்தத்தில் ஆறு வாசலுக்கு வரும், அப்பா படகைப் பேரிக்காய் மரத்தில் கட்டுவார். அந்தத் தண்ணீரைப் படுக்கையிலிருந்து பார்க்க வேண்டும் என்றாள். கரை கட்டி முப்பது வருடமான பிறகு ஆற்றை யார் கொண்டுவருவது? ஆற்றைக் கொண்டுவர முடியாததால் மியோ வீட்டைக் கொண்டுபோனார். தம்பிகளோடு ஒன்பது நாளில் கழற்றி, புல்வெளியில் பூட்டி, கரைக்குமேல் எட்டிப் பார்க்கிற மாதிரி மாடி ஜன்னலைத் திருப்பி வைத்தார். அவளை அந்த ஜன்னலோரம் படுக்க வைத்தார். கரைக்கு மேலே ஆறு ஒரு கீற்றாகத் தெரியும். காலையில் கதவருகே நின்று, "இன்னைக்கு எவ்ளோ தெரியுது?" என்று கேட்பார். அவள் விரலால் அளந்து காட்டுவாள். நாலு விரல். நல்ல நாளில் ஒரு சாண். எட்டு மாதம் அப்படிக் காட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டுதான் சைபர் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

ரொக்கேயா எழுந்து சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். உத்தரங்களில் இருந்த எண்கள் அவள் கையில் பட்டன. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்துத் திரும்பினாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

"இதுவும் நடக்கிற வீடா?"

"ஒரு தடவை நடந்துச்சு" என்றார் மியோ.

"எங்க வீடு ஏழு தடவை. ஆறு கரையைத் தின்னுட்டே வரும். நாங்க வீட்டைத் தூக்கிட்டே நடப்போம். எங்க வீட்டுக்காரரைப் புதைச்ச இடமும் ஆத்துல போயிடுச்சு. இப்ப எங்க போய் அழறதுன்னு கேட்டேன். மாமியா சொன்னாங்க, வீடு இருக்கில்ல, வாசக்காலைப் பிடிச்சுட்டு அழு."

நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். மியோ அடுப்பில் ஒரு விறகை வைத்தார். பிறகு கேட்டார்: "கழட்டியா தூக்குவீங்க?"

"அவசரம்னா கழட்ட மாட்டோம். அப்படியே தூக்குவோம். நாப்பது ஆளு."

"உங்களுது தகர வீடா இருக்கும். இது ஓக்."

"அப்ப நானூறு ஆளு" என்றாள் அவள், கணக்கு அவ்வளவுதான் என்பதுபோல.

மியோ சிரித்தார். அன்கிட்சா போன பிறகு அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவருடைய நிபந்தனைகள் மூன்று. வீட்டைக் கழற்றக் கூடாது. மேல்தெருவுக்குப் போகக் கூடாது, ஜன்னல் பேருந்து நிறுத்தத்தைப் பார்க்கக் கூடாது, ஆற்றைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது, அவர் உள்ளேயேதான் இருப்பார், அடுப்பும் எரியும்.

புல்வெளியின் ஓரத்தில் ஊராட்சிக்குச் சொந்தமான ஒரு மேடு இருக்கிறது. எந்த வெள்ளமும் அதைத் தொட்டதில்லை. புதுக்கரை அங்கே போய்த்தான் முடிகிறது. ஆனால் அங்கே ஸ்வோன்கோ திறப்பு விழா மேடை போட்டு, உறுப்பு நாடுகளின் கொடிகளை நட்டு, நடுவில் தானும் நிற்பதாகத் திட்டம்.

"என் மேடை?" என்றான்.

"வண்டி மேல நின்னு பேசு. உன் உயரத்துக்கு அதுதான் நல்லது."

முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டான். மேட்டின் புது எண்ணை நில அலுவலகத்தில் நானே போய்ப் பதிந்தேன். அந்த அலுவலர் "வீட்டைக் கட்டி முடிச்சிட்டு வாங்கம்மா" என்றார். "வீடு வந்துட்டு இருக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மார்ச் எட்டு, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குப் புல்வெளியில் கால் வைக்க இடமில்லை. எங்கள் தீயணைப்புப் படை மட்டும் வரும் என்று பார்த்தால், பக்கத்து ஐந்து ஊர்களின் படைகளும் சீருடையில் வந்து நின்றன. கீழ்த்தெருவில் வெள்ளம் பார்த்த வீட்டுக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். நனைந்த மண்ணில் டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும். அதனால் ஆறு டிராக்டர்களை மேட்டின்மேல் நிறுத்தி, இரும்புக் கயிற்றால் இழுப்பது என்று முடிவு. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் உருண்டைக் கட்டைகளைச் செருகியிருந்தோம். வீடு முன்னே நகர நகர, பின்னால் விடுபடும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி முன்னால் போட வேண்டும். நானூறு மீட்டர்.

தீயணைப்புப் படைத் தலைவர் திராகோ தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். கூரையில் நாரைக் கூடு அப்படியே இருந்தது. புகைக்குழாயில் புகை வந்துகொண்டிருந்தது.

"முப்பது வருஷமா நெருப்ப அணைக்கிறவன் நான். எரியிற அடுப்போட ஒரு வீட்ட இழுத்துட்டுப் போகச் சொல்றீங்க. மேல போனதும் என்னைக் கேட்டா, ஆண்டவர்கிட்ட நான் என்ன சொல்வேன்?"

"பீன்ஸ் சூப் சூடா இருக்கணும்னு சொல்லுங்க" என்றார் மியோ, ஜன்னல் வழியாக.

"இழு" என்றார் திராகோ.

கயிறு விறைத்தது. உத்தரங்கள் ஒரு முறை முனகின. அப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன், வீடு நடந்தது.

நான் இந்த ஊரில் பிறந்தவள். வீடுகளைக் கழற்றிப் பூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை. இரண்டு தளம், ஐம்பத்திரண்டு உத்தரம், உள்ளே ஒரு மனுஷன், மேலே ஒரு கூடு, புகை. மொத்தமும் பச்சைப் புல்லின்மேல் மெதுவாக நகர்ந்து வருகிறது. ஜன்னல் திரைச்சீலை ஆடுகிறது. இருநூறு பேர் கட்டைகளோடு அங்கும் இங்கும் ஓடுகிறார்கள். நான் தாள்களோடு வாழ்கிறவள், லேசில் வாய் பிளக்க மாட்டேன். அன்று பிளந்த வாயை மூட மறந்து நின்றேன்.

பாதி வழியில் தாளம் தப்பியது. ஒரு பக்கக் கட்டை முந்த, இன்னொரு பக்கம் பிந்த, வீடு கோணலாகி நின்றது. திராகோ ஊதினார், கத்தினார், ஒன்றும் பலிக்கவில்லை. அப்போது ரொக்கேயா கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றாள். கைகளை உயர்த்தி, நீட்டி முழக்கி ஒரு குரல் கொடுத்தாள். கடைசியில் "ஹெய்யோ" என்று முடிந்தது. யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் "ஹெய்யோ" எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்தது. இருநூறு தொண்டைகள் "ஹோ-ருக்" என்று எங்கள் வழக்கப்படி பதில் கொடுத்தன. அவள் ஹெய்யோ, இவர்கள் ஹோ-ருக். கட்டைகள் ஒரே சமயத்தில் விழுந்தன. வீடு நிமிர்ந்தது, மறுபடி நடந்தது.

எனக்கு அழுகை வந்தது. நூற்றுப்பதினெட்டு கேள்விகளில் ஒன்றில்கூட இதைக் கேட்டிருக்கவில்லை.

மாலை நாலு மணிக்கு வீடு மேட்டில் ஏறி உட்கார்ந்தது. மியோ கதவைத் திறந்து பானையோடு வந்தார். சூப் சிந்தவில்லை. ரொக்கேயாவுக்காக நான் பன்றி சேர்க்காமல் கெண்டை மீன் குழம்பு வைத்திருந்தேன். சிவக்கச் சிவக்க மிளகாய்த்தூள் போட்டு எங்கள் ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டு தின்னும் குழம்பு. அவள் ஒரு வாய் தின்றுவிட்டு, "காரம் போட மறந்துட்டீங்களா ஆபா?" என்றாள். திராகோவுக்குப் புரை ஏறிவிட்டது.

பதினான்காம் தேதி, மதகு திறக்குமுன் கடைசிச் சரிபார்ப்புக்காக, கூட்டமைப்பு நாற்பத்தோராம் கேள்விக்கு மறுபடி பதில் கேட்டது. நான் வரைபடத்தைத் தொடவில்லை. ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு புல்வெளி முழுக்க நடந்தேன், புதர் புதராக. வீடு நின்ற இடத்தில் நான்கு மூலைக் கற்களும், புல் முளைக்காத ஒரு சதுரமும் இருந்தன. அங்கே நின்று எழுதினேன். அந்த சைபரை எழுத எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மதகு திறந்தது. ஸ்வோன்கோ வண்டிமேல் நின்று பேச ஆரம்பித்தான். தண்ணீர் உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டான். அவன் தானாகப் பேச்சை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. சீறி வரும் என்று எல்லோரும் பயந்திருந்தோம். அது சீறவில்லை. வழி தெரிந்த ஆள் மாதிரி பழைய பள்ளங்களைத் தேடித் தேடி நிரப்பிக்கொண்டு வந்தது. ஐம்பது வருடம் வெளியே நிறுத்தி வைத்திருந்தோம். ஒன்றையும் அது மறக்கவில்லை. நான்கு கற்களும் மூழ்கின. புதுக் கரையில் நாங்கள் நட்ட அளவுகோலில் வரைந்த கோட்டுக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. கீழ்த்தெருக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவரும் கை தட்டவில்லை. ரொக்கேயா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். தண்ணீர் வருவதைப் பார்த்து ஓடாமல் நிற்பது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை என்றாள்.

"கொழுந்தியா, மேல வா" என்று மியோ கூப்பிட்டார்.

மாடி ஏறினேன். ஜன்னலோரம் அன்கிட்சாவின் கட்டில் அதே இடத்தில், அதே விரிப்போடு இருந்தது.

"படு."

"என்ன மச்சான்?"

"நின்னு பாத்தா தெரியறது வேற. அவ படுத்துதான் பாத்தா."

பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். அக்காவின் தலையணையில் தலை வைத்து ஜன்னல் பக்கம் திரும்பினேன். மியோ கதவருகே போய், நிலையில் சாய்ந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இன்னைக்கு எவ்ளோ தெரியுது?" என்று கேட்டார்.

அளந்து காட்ட விரல்களை உயர்த்தினேன். விரல் போதவில்லை. சாண் போதவில்லை. இரண்டு கைகளையும் முடிந்த மட்டும் விரித்துக் காட்டினேன்.